மேடையில் கைதட்டல், தெருவில் தண்டனை: ஷேக்ஸ்பியர் காலத்தில் உடை ஏன் இவ்வளவு பெரிய பிரச்னையானது?

1612-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். லண்டன் செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் இருந்த திறந்தவெளிப் பிரசங்க மேடையின் முன்பு ஊரே கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெண் நிறுத்தப்பட்டார். அவர் பெயர் மேரி ஃப்ரித். ஆண்களின் உடையில் ஊர் சுற்றினார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

அதே லண்டனில், அதே ஆண்டுகளில், பெண்களின் கவுன் அணிந்த சிறுவர்களைக் காசு கொடுத்துப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் நாடக அரங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நாடகங்களில் ஆண் வேடமிட்ட பெண் கதாபாத்திரங்கள்தான் பல நேரங்களில் ரசிகர்களின் செல்லப் பிள்ளைகள்.

செயல் ஒன்றுதான். மேடையில் செய்தால் கைதட்டல், தெருவில் செய்தால் தண்டனை. ஏன் இந்த முரண்பாடு? ஒரு துணி ஆணையும் பெண்ணையும் தீர்மானிக்கிறது என்று அந்தச் சமூகம் ஏன் நம்பியது? அந்த நம்பிக்கையை அன்றைய எழுத்தாளர்கள் எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

உடை என்பது அடையாள அட்டை

16, 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உடை என்பது விருப்பத்துக்குப் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை. ஒருவர் யார், எந்த அந்தஸ்து, ஆணா, பெண்ணா என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடும் அடையாள அட்டை அது.

யார் எந்தத் துணியை அணியலாம் என்பதற்கே அரசு விதிகள் இருந்தன. முதலாம் எலிசபெத் ராணி 1574-ல் வெளியிட்ட பிரகடனம் இதில் பிரபலமானது. ஊதா நிறப் பட்டு, தங்க இழைத் துணி போன்றவை அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டும்தான். காசு இருக்கிறது என்பதற்காக ஒரு வியாபாரி அதை வாங்கி உடுத்திவிட முடியாது. 1604-ல்தான் இந்தச் சட்டங்கள் ரத்தாயின.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண் குழந்தைகளும் சுமார் 6, 7 வயது வரை பெண் குழந்தைகளைப் போலவே நீளமான கவுன்தான் அணிந்தார்கள். அதன் பிறகு ஒருநாள் 'பிரீச்சஸ்' எனப்படும் முழங்கால் வரையிலான கால்சட்டையை முதன்முறையாகப் போட்டுவிடுவார்கள். குடும்பத்துக்கு அது ஒரு விசேஷம். அன்று முதல்தான் அவன் 'ஆண் பிள்ளை'.

அதாவது, ஆண்மை என்பதே ஒரு நாள் பார்த்து உடுத்திவிடப்படும் ஒன்றாக இருந்தது. அங்கதான் பயமும் ஆரம்பிக்கிறது. உடுத்திவிட முடியும் என்றால், கழற்றவும் முடியும். வேறொருவர் எடுத்து உடுத்திக்கொள்ளவும் முடியும்.

ஜூலியாவிடம் தோழி கேட்ட கேள்வி

அந்தக் கால ஆண்களின் கால்சட்டையில் முன்பக்கம் 'காட்பீஸ்' என்ற தனி உறை தைக்கப்பட்டிருக்கும். பஞ்சு அடைத்து, அலங்காரம் செய்து, ஆண்மையை ஊருக்கு அறிவிக்கும் பாகம் அது.

ஷேக்ஸ்பியரின் 'தி டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா' நாடகத்தில், காதலனைத் தேடிப் போக ஆண் வேடம் போட முடிவு செய்கிறாள் ஜூலியா. உடையைத் தயார் செய்யும் தோழி லூசெட்டா, காட்பீஸும் வைத்தே ஆக வேண்டும் என்கிறாள். ஜூலியாவுக்குக் கூச்சம். ஆனால், அது இல்லாவிட்டால் இன்றைய ஃபேஷனுக்கு எடுபடாது என்பது தோழியின் வாதம்.

சிரிப்பதற்காக எழுதப்பட்ட காட்சிதான். ஆனால் அதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆண்மையின் மிகப் பெரிய அடையாளம், தையல்காரர் தைத்துக் கொடுக்கும் ஒரு துண்டுத் துணி. அதைப் பெண்ணும் தைத்துக்கொள்ளலாம்.

மேடையில் பெண்கள் இல்லை

இந்தக் காட்சியை அன்று நடித்தவர்களோ இரண்டு பையன்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பெண்கள் தொழில்முறையாக நடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். பெரும்பாலும் 12, 13 வயதில் நாடகக் குழுவில் தொழில் பழகச் சேர்ந்து, 20 வயதைத் தாண்டும் வரை அந்த வேடங்களில் நடிப்பார்கள்.

தமிழ் நாடக மேடையில் 'ஸ்திரீபார்ட்' என்று சொன்னார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' கதையை 'வாணீபுர வணிகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் அவர் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவிலும் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். அப்படிப் புகழ்பெற்றவர்தான் ரங்கவடிவேலு.

லண்டன் குழுக்களின் உடைகளுக்கும் ஒரு கதை உண்டு. பிரபுக்கள் இறக்கும்போது தங்கள் விலை உயர்ந்த உடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதி வைப்பது வழக்கம். ஆனால் அந்தஸ்து காரணமாக அதை அவர்கள் உடுத்த முடியாது. அதனால் நடிகர்களுக்குக் குறைந்த விலையில் விற்றுவிடுவார்கள். 1599-ல் லண்டனுக்கு வந்த சுவிட்சர்லாந்து பயணி தாமஸ் பிளாட்டர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆக, மேடையில் ஏறியவர் தன் பாலினத்துக்கு உரியதல்லாத உடையை, தன் அந்தஸ்துக்கு மீறிய உடையை அணிந்திருந்தார். ஒரே உடையில் இரண்டு கோடுகளைத் தாண்டினார்.

வயோலா: கடைசி வரை மாறாத உடை

இந்தச் சூழலை ஷேக்ஸ்பியர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்குச் சரியான உதாரணம் 'ட்வெல்ஃப்த் நைட்'. 1602 பிப்ரவரி 2-ம் தேதி லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படிப்பவர்கள் முன்பு இது நடிக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது.

கப்பல் உடைந்து முன்பின் தெரியாத ஊரில் கரை ஒதுங்குகிறாள் வயோலா. பாதுகாப்புக்காக ஆண் வேடம் போட்டு, 'செசாரியோ' என்ற பெயரில் ஓர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். வயோலாவுக்கு ஓர்சினோ மீது காதல். ஓர்சினோவுக்கு ஒலிவியா மீது காதல். தூது போன செசாரியோ மீது ஒலிவியாவுக்குக் காதல்.

பெண்ணைப் பெண் காதலிக்கிறாள், ஆனால் அவள் ஆண் என்று நினைத்து. அந்தப் 'பையனிடம்' மட்டும் மனம் திறந்து பேசுகிறார் ஓர்சினோ. வயோலாவின் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் வந்து சேர்ந்ததும் முடிச்சுகள் அவிழ்கின்றன.

ஆனால் முழுசா அவிழவில்லை. வயோலாவின் பெண் உடைகள் அவளைக் காப்பாற்றிய கப்பல் தலைவரிடம் இருக்கின்றன. அவரோ ஒரு வழக்கில் சிக்கிச் சிறையில். அதனால் நாடகம் முடியும் வரை வயோலா பெண் உடைக்குத் திரும்புவதே இல்லை. அவளை மணப்பதாகச் சொன்ன பிறகும் ஓர்சினோ 'செசாரியோ' என்றே அழைக்கிறார்.

ஒரு கவுனை வரவழைப்பது ஷேக்ஸ்பியருக்குக் கஷ்டமான வேலையா என்ன? வேறு நாடகங்களில் அதைச் செய்திருக்கிறார். இங்கே செய்யவில்லை. ஓர்சினோ விரும்புவது வயோலாவையா, செசாரியோவையா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறார். காதல் உடையைப் பார்த்து வந்ததா, ஆளைப் பார்த்து வந்ததா? முடிவு பார்ப்பவரிடம்.

ரோசலிண்ட்: வேடத்துக்குள் வேடம்

'ஆஸ் யூ லைக் இட்' நாடகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரண்மனையிலிருந்து விரட்டப்பட்ட ரோசலிண்ட் ஆண் வேடத்தில் காட்டுக்குப் போகிறாள். அங்கே வந்து சேரும் காதலன் ஆர்லாண்டோவிடம், "என்னை ரோசலிண்ட் என்று நினைத்துக் காதலைப் பேசிப் பழகு" என்கிற மாதிரி ஒரு விளையாட்டைத் தொடங்குகிறாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன், பெண்ணாக நடிக்கிறான். அந்தப் பெண், ஆணாக நடிக்கிறாள். அந்த ஆண், பெண்ணாக நடிக்கிறான்.

ரோசலிண்ட் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயரும் சாதாரணமானது இல்லை. 'கானிமீட்'. கிரேக்கப் புராணத்தில் கடவுள் ஜீயஸ் ஆசைப்பட்டுத் தூக்கிச் சென்ற அழகுச் சிறுவனின் பெயர் அது. ஆணுக்கு ஆண் மீது வரும் ஈர்ப்பைக் குறிக்கும் சொல்லாகவே அன்றைய படித்தவர்கள் அதை அறிந்திருந்தார்கள். ஆர்லாண்டோ காதல் பேசுவது கானிமீட் என்ற பெயருள்ள ஒரு பையனிடம்.

இதில் ஷேக்ஸ்பியர் முதல் ஆளும் இல்லை. ஜான் லிலி எழுதி 1592-ல் அச்சான 'கலாட்டியா' நாடகத்தில், கடல் தெய்வத்துக்குப் பலியாகாமல் காப்பாற்ற இரண்டு தந்தைகள் தங்கள் மகள்களுக்கு ஆண் வேடம் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பெண்களும் காட்டில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். உண்மை தெரிந்த பிறகும் காதல் மாறவில்லை. இருவரில் ஒருவரை ஆணாக மாற்றுவதாகக் காதல் தெய்வம் வீனஸ் வாக்குத் தருகிறாள். யாரை? நாடகம் சொல்லவே இல்லை.

ஆண், பெண் உடை போட்டால்?

இதுவரை பார்த்தவை பெண்கள் ஆண் உடை அணிந்த கதைகள். கதைக்குள் ஆண் பெண் உடை அணிந்தால் என்ன ஆனது? அங்கே கதையே வேறு.

'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் தப்பிப்பதற்காகக் கிழவி வேடம் போடும் ஃபால்ஸ்டாஃபுக்கு அடிதான் கிடைக்கிறது. எட்மண்ட் ஸ்பென்சரின் 'தி ஃபேரி குயீன்' காவியத்தில் 1596-ல் வந்த பகுதியில், ராடிகண்ட் என்ற வீராங்கனை தான் தோற்கடித்த வீரர்களுக்குப் பெண் உடை போட்டு, நூல் நூற்க உட்கார வைக்கிறாள். நீதியின் வடிவமான ஆர்ட்டிகால் என்ற வீரனுக்கும் அதே கதி. அவனை மீட்க வருபவள் பிரிட்டோமார்ட். கவசம் அணிந்து போரிடும் பெண்.

கவசம் போட்ட பெண்ணுக்குப் பெருமை. கவுன் போட்ட ஆணுக்கு அவமானம். காரணம் எளிது. ஆண் உயர்ந்தவன், பெண் தாழ்ந்தவள் என்பதுதான் அன்றைய கணக்கு. அதனால் ஆண் உடை மேலே ஏறும் படி, பெண் உடை கீழே இறங்கும் படி.

பெண்ணுக்கு அந்தப் பெருமையும் தற்காலிகம்தான். கதை முடிவில் அவள் திருமணத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ராடிகண்டை வென்ற பிரிட்டோமார்ட் என்ன செய்கிறாள் தெரியுமா? அந்த நாட்டின் ஆட்சியைப் பெண்களிடமிருந்து எடுத்து மீண்டும் ஆண்களிடம் ஒப்படைக்கிறாள்.

எதிர்த்தவர்கள் பயந்தது எதற்கு?

நாடகத்தை எதிர்த்த மதப் பிரசாரகர்களுக்குக் கையில் கிடைத்த ஆயுதம் பைபிளின் உபாகமம் 22-ம் அதிகாரம், 5-ம் வசனம். ஆண் பெண்ணுடையையும், பெண் ஆணுடையையும் அணிவதைத் தடுக்கும் வசனம் அது.

ஃபிலிப் ஸ்டப்ஸ் 1583-ல் வெளியிட்ட நூலில், ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டத்தான் உடை தரப்பட்டிருக்கிறது, மாற்றி அணிபவர் தன் இனத்தையே கெடுத்துக்கொள்கிறார் என்று வாதிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஜான் ரெய்னால்ட்ஸ் 1599-ல் வெளியான நூலில், பெண் உடையில் பையனைப் பார்க்கும் ஆண்களின் மனதில் தவறான ஆசை கிளம்பும் என்று எச்சரித்தார்.

இந்த வாதத்தைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புரியும். ஆண், பெண் வேறுபாடு கடவுள் வகுத்தது, அசைக்க முடியாதது என்கிறார்கள். அடுத்த வரியிலேயே, ஒரு கவுன் மாற்றிப் போட்டால் அது கலைந்துவிடும் என்று பதறுகிறார்கள்.

இதைக் கேலி செய்தார் பென் ஜான்சன். 1614-ல் மேடையேறிய 'பார்த்தலோமியூ ஃபேர்' நாடகத்தில், பியூரிட்டன் பிரசாரகர் ஒருவர் ஒரு பொம்மலாட்டப் பொம்மையுடன் சண்டைக்குப் போகிறார். ஆண் பெண் உடை போடுவது பாவம் என்பது அவர் வாதம். பொம்மை தன் உடையைத் தூக்கிக் காட்டுகிறது. உள்ளே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வாதத்தில் தோற்றுப்போகிறார் பிரசாரகர்.

மேரி ஃப்ரித்: மேடையும் நீதிமன்றமும் சந்தித்த இடம்

இப்போது மேரி ஃப்ரித் விஷயத்துக்கு வருவோம். லண்டனில் அவருக்கு 'மால் கட்பர்ஸ்' என்று பட்டப்பெயர். இடுப்பில் தொங்கும் பணப் பையை அறுத்துத் திருடுபவர்களை அப்படிச் சொல்வார்கள். இன்றைய பிக்பாக்கெட் மாதிரி.

அவரை நாயகியாக வைத்து தாமஸ் மிடில்டனும் தாமஸ் டெக்கரும் எழுதிய 'தி ரோரிங் கேர்ள்' நாடகம் 1611-ல் அச்சானது. ஆண் உடை, கையில் வாள், வாயில் புகைக்குழாயுடன் நாயகி நிற்கும் படம் அதன் முதல் பக்கத்தில் இருந்தது. தெருவில் ரகளை செய்யும் இளைஞர்களை 'ரோரிங் பாய்ஸ்' என்பது அன்றைய வழக்கு. அதைத் திருப்பிப் போட்டதுதான் தலைப்பு.

நாடகத்தின் மால் யாரையும் ஏமாற்ற வேடம் போடவில்லை. அவள் பெண் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பிரீச்சஸ் போடுகிறாள். வயோலாவுக்கும் ரோசலிண்டுக்கும் இவளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது.

லாக்ஸ்டன் என்ற ஆள், இப்படி உடை உடுத்தும் பெண் கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று நினைத்துப் பணம் கொடுத்து ஓரிடத்துக்கு வரச் சொல்கிறான். மால் வருகிறாள். ஆண் உடையில், வாளோடு. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சண்டைக்கு அழைத்து, அவனைத் தோற்கடிக்கிறாள். கலகலப்பாகப் பேசும் பெண் எல்லாம் தன் வலையில் விழுவாள் என்று நினைக்கும் ஆண்களையும், வறுமையால் சிக்கும் ஏழைத் தையல்காரப் பெண்களையும் பற்றி அவள் பேசுவது நாடகத்தின் மிகக் கூர்மையான இடம்.

கடைசியில் மற்றவர்களுக்குத்தான் திருமணம். மாலுக்கு இல்லை. மனைவி என்றால் கீழ்ப்படிய வேண்டும், அது தனக்குச் சரிவராது என்கிறாள். ஊர் பேச்சை நம்பி அவளைத் தவறாக நினைத்த பெரியவர் மன்னிப்புக் கேட்கிறார்.

சில நாட்களில் நிஜ ஆளே இந்த மேடையில் தோன்றுவார் என்று நாடகத்தின் முடிவுரையில் அறிவிப்பும் இருந்தது. நிஜ மேரி ஃப்ரித் ஃபார்ச்சூன் அரங்கில் ஆண் உடையில், பூட்ஸும் வாளுமாகத் தோன்றி, லூட் என்ற நரம்பிசைக் கருவியை வாசித்துப் பாடினார். தன்னைப் பலர் ஆண் என்று நினைப்பதாகச் சொல்லி, கூட்டத்தைக் கிண்டலும் செய்தார்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? 1612 ஜனவரியில் லண்டன் பிஷப்பின் நீதிமன்றம் அவரை விசாரித்தது. அந்தப் பதிவில்தான் இந்த விவரங்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் இரவில், பாவாடையை ஆண் உடை போல மடித்துக் கட்டி, மேலே ஆண்களின் அங்கி அணிந்திருந்தபோது அவர் பிடிபட்டிருக்கிறார். குடி, கெட்ட சகவாசம் ஆகியவற்றை அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் நீதிமன்றம் அதோடு விடவில்லை. உடலை விற்றாரா, மற்ற பெண்களையும் அந்த வழிக்கு இழுத்தாரா என்றும் கேட்டது. அதை அவர் உறுதியாக மறுத்தார்.

லாக்ஸ்டன் போட்ட அதே கணக்கைத்தான் நீதிமன்றமும் போட்டது: பிரீச்சஸ் போட்டால் நடத்தை சரியில்லை. மேடையில் அந்தக் கணக்கு தோற்றது. நிஜத்தில் அது தண்டனையானது. லண்டனின் பிரைட்வெல் சிறை போன்ற இடங்களின் பதிவுகளிலும், ஆண் உடையில் பிடிபட்ட பெண்கள் மீது பாலியல் ஒழுக்கக் குற்றச்சாட்டும் சேர்ந்தே வருவதைப் பார்க்க முடிகிறது.

1620: அரசரே தலையிட்டார்

தண்டனைகளால் ஃபேஷன் நிற்கவில்லை. அகலமான தொப்பி, ஆண்களின் மேற்சட்டை, குட்டையாக வெட்டிய முடி, இடுப்பில் குறுவாள் என்று லண்டன் பெண்கள் சிலர் உலா வந்தார்கள். 1620 ஜனவரியில் முதலாம் ஜேம்ஸ் அரசர், பிஷப் மூலம் லண்டன் பாதிரியார்களுக்கு உத்தரவு போட்டார். பெண்களின் இந்தத் துணிச்சலைக் கண்டித்துப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பதே அது.

அதே ஆண்டு 'ஹிக் முலியர்' என்ற சிறுநூல் வந்தது. லத்தீனில் இது வேண்டுமென்றே செய்த இலக்கணப் பிழை. பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு ஆண்பால் சுட்டு. தமிழில் 'அந்தப் பெண் வந்தான்' என்று எழுதுவது போல. ஆண் உடை அணியும் பெண்களை அந்த நூல் கடுமையாகத் திட்டியது.

உடனே பதிலும் வந்தது. பெயர் 'ஹைக் விர்'. அதாவது 'அந்த ஆண் வந்தாள்' என்கிற மாதிரி. இதில் ஆண் உடை அணிந்த பெண்ணும், அலங்காரப் பிரியரான ஆணும் உரையாடுகிறார்கள். உடை வழக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது, வழக்கம் என்பதற்காகவே அதற்கு அடிமையாக முடியாது, பெண்ணும் சுதந்திரமாகப் பிறந்தவள்தான் என்று அந்தப் பெண் வாதிடுகிறாள். 400 ஆண்டுகளுக்கு முந்தைய அச்சில் இப்படி ஒரு வாதம்.

முடிவு மட்டும் பழைய பாதைதான். ஆண்கள் ஆண்களாக நடந்துகொண்டால் நாங்களும் பழைய உடைக்குத் திரும்புகிறோம் என்று சமாதானம் ஆகிறது.

பெண்கள் மேடைக்கு வந்த பிறகு மாறியதா?

1629-ல் பிரான்ஸிலிருந்து வந்த குழுவில் பெண்கள் நடித்தபோது லண்டனில் ஒரு தரப்பினர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். நாடகத்தைத் தாக்கி ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல் எழுதிய வில்லியம் பிரின், நடிக்கும் பெண்களை இழிவாகக் குறிப்பிட்டார். அரசி ஹென்றியட்டா மரியாவே அரண்மனை நாடகத்தில் நடித்த நேரம் அது. அரசியை அவமதித்ததாகப் பார்க்கப்பட்டு, 1634-ல் பிரினின் காதுகள் வெட்டப்பட்டன.

1642-ல் அரங்குகள் மூடப்பட்டன. 1660-ல் மீண்டும் திறந்தபோது காலம் மாறியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி 'ஒதெல்லோ' நாடகத்தில் டெஸ்டிமோனாவாக ஒரு பெண் நடித்தார். 1662-ல் இரண்டாம் சார்லஸ் அரசர் வழங்கிய உரிமப் பத்திரம், பெண் வேடங்களைப் பெண்களே ஏற்க அனுமதி தந்தது.

அப்போ பிரச்னை முடிந்ததா? இல்லை. 1660 முதல் 1700 வரை லண்டனில் நடந்த நாடகங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில், நடிகை ஆண் உடையில் தோன்றும் வேடம் இருந்தது. காரணம் விடுதலை உணர்வு மட்டும் இல்லை. நீளமான கவுன் மறைத்த கால்களை இறுக்கமான பிரீச்சஸ் காட்டியது. அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. பெண்ணின் மீறலாக இருந்த உடை, டிக்கெட் விற்கும் கவர்ச்சியாகவும் ஆனது.

மொத்தத்தில் தெரிவது என்ன?

* உடைதான் ஆண், பெண்ணைப் பிரிக்கிறது என்று அதிகாரம் நம்பியது. அதனால்தான் அதை மாற்றி அணிவதற்கு அவ்வளவு பயந்தது.

* அந்த உடை எவ்வளவு எளிதில் கைமாறும் என்பதை நாடகங்கள் காட்டின. ஆனால் பெரும்பாலும் கடைசிக் காட்சியில் எல்லோரையும் பழைய இடத்துக்கே அனுப்பின. வயோலாவும் மாலும் அதில் முழுசா அடங்காதவர்கள்.

* வேடம் என்று சொல்லி அணிந்தவருக்கு அனுமதி இருந்தது. இதுதான் என் உடை என்று சொன்னவருக்கு விசாரணை இருந்தது.

* பெண்ணின் உடையைப் பார்த்து அவள் நடத்தையை எடைபோடும் பழக்கத்தை 1611-லேயே ஒரு லண்டன் மேடை கேள்வி கேட்டது. லாக்ஸ்டனுக்கு மால் கொடுத்த பதில், இன்றும் பல ஊர்களில் பல பெண்கள் சொல்ல வேண்டியிருக்கும் பதில்தான்.